பார்சலில் இரண்டு சட்டைகள்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். வீட்டில் நான், அத்தை, தையல் மிஷின் மூவரும் நலம். உன் அப்பாவை இந்தப் பட்டியலில் சேர்ப்பதா வேண்டாமா என்பதைக் கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டு நீயே தீர்மானித்துக்கொள். நீ நலமா என்று நான் கேட்கப்போவதில்லை. கேட்டால் "நல்லாத்தாம்மா இருக்கேன்" என்பாய். அந்த ஒரு வாக்கியத்தை நீ காய்ச்சலிலும் சொல்லியிருக்கிறாய், பரீட்சையில் கோட்டைவிட்டபோதும் சொல்லியிருக்கிறாய், ஆறாம் வகுப்பில் பள்ளி மதிலிலிருந்து விழுந்து முட்டி பிளந்து, ரத்தம் காலுறைக்குள் இறங்கிக்கொண்டிருந்தபோதும் வாசலில் நின்று அதையே சொன்னாய். அதனால் கேள்வியை என்னிடமே வைத்துக்கொண்டு, மூன்று நாளாக நீ போனை எடுக்காமல் இருப்பதற்குக் காரணமான விஷயத்தை முதலிலிருந்து சொல்கிறேன். இதைக் காகிதத்தில் எழுதுவதற்கும் காரணம் அதுதான். காகிதத்துக்கு ஒரே ஒரு முகவரி. கம்ப்யூட்டரில் கீழே இருக்கிற அந்த எழுதும் பெட்டி யார் வீட்டு வாசல் என்பது எழுதி அனுப்பிய பிறகுதான் தெரிகிறது.

வாலிபால் சீசன் தொடங்கிய வாரமே உன் அப்பா மதிய ஷிப்டுக்கு மாறிக்கொண்டார். கடல் தாண்டி உங்கள் ஊரில் சாயங்காலம் ஆட்டம் என்றால் நமக்கு அது காலை எட்டு மணி, காலை ஷிப்டில் போனால் பார்க்க முடியாதே. இருபத்தேழு வருஷமாக பஸ் டிப்போவில் நேரம் பார்க்கிறவர், எந்த டிரைவர் ஷிப்ட் மாற்றிக் கேட்டாலும் ஆயிரம் கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்புகிறவர், அவரே விண்ணப்பம் எழுதிக் கொடுத்தார். காரணம் என்ற இடத்தில் "குடும்பம்" என்று மட்டும் எழுதினாராம். மேனேஜர் பாவம், வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைத்துக்கொண்டு பார்க்கும்போதெல்லாம் "இப்ப எப்படி இருக்கு?" என்று இரக்கமாகக் கேட்கிறார். அப்பாவும் "முதல் ரெண்டு கொஞ்சம் மோசம் சார், நாலாவதுல தேறிடுச்சு" என்று உன் செட் கணக்கைச் சொல்லிவிட்டு வருகிறார். அத்தையும் எங்களோடு உட்கார்ந்து பார்க்கிறாள். முதல் ஆட்டத்தில் நீங்கள் நீலம் போட்டிருந்தீர்களா, அதிலிருந்து அவளுக்கு நீலம்தான் நம்ம பிள்ளைகள். வெளியூர் ஆட்டத்தில் நீங்கள் வெள்ளையில் வந்தீர்கள், எதிரணி நீலத்தில் வந்தது, அத்தை இரண்டு மணி நேரம் எதிரணிக்குக் கைதட்டிவிட்டு, "பரவாயில்லடா தம்பி, நம்ம ஆளுங்க பின்னிட்டாங்க" என்று அப்பாவின் முதுகில் தட்டினாள். நெட்டுக்குப் பக்கத்தில் ஏணிமேல் உட்கார்ந்திருக்கும் நடுவரைப் பார்த்தால் அவளுக்கு ஆவதேயில்லை. எல்லாரும் ஓடி ஓடிச் சாகிறார்கள், அவனுக்கு மட்டும் என்ன ஒசத்தி நாற்காலி என்கிறாள்.

இதோடு நின்றிருந்தால் நல்லது. உங்கள் டீமின் தமிழ் ரசிகர்கள் இணையத்தில் கூடிப் பேசும் குழு ஒன்று இருக்கிறதே, அறுநூறு பேர் கொண்டது, அதை உன் அப்பா எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டார். அதன் முதல் விதி வாசலிலேயே பெரிதாக எழுதியிருக்கிறது, ஆடுகிற பிள்ளைகளின் வீட்டார் உள்ளே வரக்கூடாது என்று. போன வருஷம் யாரோ ஒரு பையனின் மாமா, மருமகனைப் பெஞ்சில் உட்கார வைத்ததற்காகக் குழு முழுவதோடும் ஒண்டியாகச் சண்டை பிடித்தாராம், அதிலிருந்து இந்தச் சட்டம். சட்டம் என்றால் உயிரை விடுகிற உன் அப்பா, "நேரம் தவறாதவன்" என்று ஒரு பெயரை மாட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தார். தன்னைப் பற்றிய இடத்தில் "முன்னாள் ஆட்டக்காரன், நடுநிலையாளன்" என்று எழுதினார். அவர் வாழ்நாளில் தொட்ட ஒரே வாலிபால், நீ மொட்டைமாடியிலிருந்து அடித்து அவர் தலையில் விழுந்தது. அதையும் அவர் தொட்டார் என்று சொல்ல முடியாது, அதுதான் அவரைத் தொட்டது.

முதல் மூன்று ஆட்டம் நீங்கள் ஜெயித்தீர்கள், அந்தக் குழுவே தேனாக இருந்தது. "ஏழாம் நம்பர் கையில பந்து பேசுதுய்யா" என்று ஒருவர் எழுதியதை அப்பா எனக்கு நான்கு தடவை படித்துக் காட்டினார், அது என் மகன் என்று சொல்ல முடியாமல் தொண்டையில் முள் சிக்கினவர் மாதிரி தவித்தார். அடுத்த மூன்றும் தோற்றீர்கள், தேன் புளித்துவிட்டது. உள்ளூர் ஆட்டம் எதையும் விடாமல் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து பார்க்கும் ஒருவர் இருக்கிறார், குழுவில் அவர் பெயரே மூணாவது வரிசை. அவர் எழுதினார், "எல்லாப் பந்தும் இடது ஓரத்துல நிக்கிற அந்த நெட்டையனுக்கே போகுது, ரெண்டு பேருக்கும் நிச்சயம் பண்ணியாச்சா? பின்பக்கமா ஒரு பந்து தள்ளக்கூட மனசில்ல. ஏழாம் நம்பருக்குக் கை வலிக்குதா, என்ன?" என்று. வேடிக்கைக்குக் கேட்டதுதான். அந்த அறுநூறு பேரில் சரியான கேள்வியைக் கேட்டவர் அவர் ஒருத்தர்தான் என்று அன்று எனக்குத் தெரியாது. பழைய கேப்டன் என்று பெயர் வைத்திருப்பவர் கொஞ்சம் நிதானமானவர், சீசன் ஆரம்பத்தில் எந்த டீமும் துருப்பிடித்த கதவு மாதிரிதான், திறந்து மூடத் திறந்து மூடச் சரியாகிவிடும் என்று எழுதினார். அதற்கு மூணாவது வரிசை, "கதவு நல்லாத்தான் இருக்கு தலைவா, பூட்டைத்தான் மாத்தணும். மாற்று செட்டரை இறக்குங்க" என்றார், உனக்குப் பதிலாக வேறொருவன் பந்தைத் தூக்கிக் கொடுக்கட்டுமாம். அன்று உன் அப்பா தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடாமலே இருந்தார்.

மறுநாள் டிப்போ ஸ்டாப்வாட்சை வீட்டுக்குக் கொண்டுவந்தார். பழைய ஆட்டங்களையெல்லாம் மறுபடி போட்டு, நீ சர்வ் போட பந்தைத் தூக்கிப்போடுவதிலிருந்து அடிக்கிற வரை எவ்வளவு நேரம் என்று ஒவ்வொன்றாகக் குறித்தார். பஸ் எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று எழுதுவாரே, அதே மாதிரி கட்டம் போட்டு, அதே சிவப்புப் பேனாவில். முதல் மூன்று ஆட்டத்தில் ஒன்றரை வினாடி, நாலாவதில் ஒன்றே கால், ஆறாவதில் ஒன்று. பந்தை நீ தணித்துப் போடுகிறாய் என்று கண்டுபிடித்துவிட்டார். அதுவரைக்கும் சரி. அதற்கு அவர் சொன்ன காரணம்தான் அவருடைய சொந்தச் சரக்கு, இது உங்கள் கோச் ரகசியமாகக் கற்றுக்கொடுத்த புதுத் தந்திரமாம், எதிரணி கண் சிமிட்டுவதற்குள் பந்து வந்துவிடுமாம். குழுவில் இதைக் கட்டத்தோடு போட்டார். அவ்வளவுதான், திருவிழாக் கூட்டம் மாதிரி ஆகிவிட்டது. "நம்ம கோச் லேசுப்பட்ட ஆளில்ல" என்று ஒருத்தர், அதற்குக் "குட்டைச் சர்வ்" என்று பெயர் சூட்டினார் இன்னொருத்தர், நானும் கவனித்தேன் ஆனால் வெளியே சொல்லவில்லை என்று பத்துப் பேர். அப்படியானால் ஏன் தோற்றோம் என்று யாரோ அப்பாவியாகக் கேட்டதற்கு, எதிரணிக்கு இன்னும் நம் தந்திரம் புரியவில்லை, புரியாத குழப்பத்தில் ஜெயித்துவிட்டார்கள் என்று பழைய கேப்டனே விளக்கம் எழுதினார். மூணாவது வரிசை மட்டும் அசையவில்லை. அவர் தன் இடத்திலிருந்து உன்னைப் படம் எடுத்துப் போட்டு, "இந்த மூஞ்சியில தந்திரம் தெரியுதா, பாருங்க" என்று எழுதினார்.

அந்தப் படத்தைத்தான் நான் பார்த்தேன். எனக்கு வாலிபால் தெரியாது, உன் அப்பாவைப் போல தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவும் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் தோள். இருபது வருஷமாகப் பள்ளிக்கூடச் சட்டைகள் தைத்தும் பிரித்தும் குறுக்கியும் கொடுக்கிறவள் நான், ஆளை முகத்தில் மறந்தாலும் தோளில் மறக்கமாட்டேன். உனக்கு வலது தோள் இடதைவிடக் கால் இஞ்ச் இறங்கியிருக்கும், பந்து ஆடத் தொடங்கியதிலிருந்தே அப்படி, உனக்குத் தைக்கும்போதெல்லாம் அந்தக் கால் இஞ்சை நான் விட்டுத்தான் வெட்டுவேன். படத்தில் அந்த வலது தோள் இடதுக்கு மேலே ஏறிக் காதைப் பார்த்து நிற்கிறது. கழுத்துத் தையலிலிருந்து அக்குள்வரை துணி இழுத்துச் சுருங்கியிருக்கிறது. நம்பாமல் இஞ்ச் டேப்பை எடுத்துத் திரையிலேயே வைத்து அளந்தேன். அப்போது உள்ளே வந்த அப்பா, "கம்ப்யூட்டருக்குச் சட்டை தைக்கிறவளை இப்பத்தாம்மா பாக்குறேன்" என்றார், பந்துக்கு டைம் எழுதுகிறவர் பேசக்கூடாது என்று நானும் சொன்னேன். வலியைப் பொத்திப் பிடிக்கிறவன்தான் தோளைக் காதுவரை ஏற்றுவான் கண்ணா. நம் தெரு பெயிண்டர் சட்டை அளவு கொடுக்க வந்தபோது இதே மாதிரிதான் நின்றார், ஒண்ணுமில்லக்கா, தூங்குனது சரியில்ல என்றார். ஆறு மாதம் அப்படியே சொல்லிச் சொல்லி, இப்போது சீப்பைக்கூட இடது கையால்தான் பிடிக்கிறார்.

புதன்கிழமை மதியம் அப்பா டிப்போவுக்குப் போன பிறகு உனக்கு எழுத உட்கார்ந்தேன். அவர் எப்போதும் போல அந்தக் குழுவைத் திறந்து போட்டபடி போயிருந்தார். கீழே ஒரு பெட்டி, எழுத இடம், அனுப்ப ஒரு பட்டன். உனக்கு அனுப்பும் பெட்டியும் அப்படியேதான் இருக்கும், எனக்கு எப்படித் தெரியும். நான் எழுதியது எனக்கு மனப்பாடம், ஏனென்றால் பிறகு அறுநூறு பேரும் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டார்கள். "கண்ணா, அம்மாடா. உன் வலது தோள்ல என்ன ஆச்சு, மறைக்காம சொல்லு. அப்பா அந்தக் கும்பல்கிட்ட தந்திரம் தந்திரம்னு அளந்துவிட்டுக்கிட்டிருக்கார், அவருக்குப் பந்துக்கும் பலூனுக்கும் வித்தியாசம் தெரியாது. கோச்கிட்ட போய் உண்மையைச் சொல்லு. நைஞ்சு போன உள்பனியனையெல்லாம் தூக்கிப்போடு, புதுசு தைக்கிறேன். குளிச்சா தலையை நல்லாத் துவட்டு." எழுதி, அனுப்பி, கால்சட்டை மடிப்பு இரண்டு அடித்துவிட்டு வந்து பார்த்தால், உன்னிடமிருந்து பதில் வந்திருக்கும் என்று பார்த்தால், மூணாவது வரிசை பதில் போட்டிருக்கிறார், "நேரம் தவறாதவரே, உங்களுக்கு உடம்பு ஏதும் சரியில்லையா?" என்று. அதற்குக் கீழே ஒருவர், "இருங்க, இருங்க. அம்மாவா?" என்று. அதற்குக் கீழே மழை. "ஏழாம் நம்பரோட அம்மாவா? அம்மா, சாப்பிட்டீங்களா?" என்று ஒருவர், உள்பனியனுக்கு நல்ல துணி எது என்று ஒருவர். பழைய கேப்டன், அந்தப் பெரிய மனிதர், "நானும் தலையைத் துவட்டிட்டேம்மா" என்று எழுதியிருந்தார். நான் மிஷினுக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டேன், பெடலில் கால் வைக்கவே வரவில்லை.

அப்பா இதை டிப்போவில் போனில் பார்த்திருக்கிறார். அன்று மாலை ஒரு பஸ் நான்கு நிமிஷம் தாமதமாகக் கிளம்பியது, இருபத்தேழு வருஷத்தில் அவர் கையால் தாமதமான முதல் பஸ். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமல் நின்றார், திட்டக்கூட இல்லை, "முன்னாள் ஆட்டக்காரன்னு எழுதியிருந்தேனே" என்று மட்டும் சொன்னார். அத்தை விடுவாளா, "முன்னாள்ங்கிறது சரிதானேடா, எந்நாளும் ஆடல, அவ்வளவுதானே" என்றாள். குழுவின் நிர்வாகி வாசல்காரர் என்று ஒருத்தர், ரொம்பக் கண்டிப்பானவராம், சட்டப்படி இவர்களை வெளியேற்றலாமா என்று ஓட்டெடுப்பு வைத்தார். தீர்ப்பைக் கேள். அப்பா வெளியே, அம்மா உள்ளே. பெயர் ஒன்றுதான், இனிமேல் அதில் நான் மட்டும்தான் எழுத வேண்டுமாம். இப்போது உன் அப்பா என் நாற்காலிக்குப் பின்னால் நின்று, "இப்படிப் போடும்மா, எதிரணியோட பிளாக் பலவீனம்னு போடு" என்று சொல்லிக்கொண்டே இருப்பார், நான் "எல்லாரும் நலமா?" என்று போடுவேன். மூணாவது வரிசை எனக்குத் தனியாக ஒன்று எழுதியிருந்தார். நிச்சயதார்த்தம் என்று கிண்டலடித்ததற்கு மன்னிக்கச் சொல்லி, பையனைப் பெஞ்சில் உட்கார வைக்கச் சொன்னது கோபத்தில்தான், ஆனால் இப்போதும் அதைத்தான் சொல்கிறேன், வேறு காரணத்துக்காக என்று. அதோடு அவருடைய ரசிகர் பனியன் அக்குளில் பிடிக்கிறதாம், என்ன செய்யலாம் என்று. பிரித்து ஒரு பட்டி வைக்கச் சொன்னேன். நல்ல மனிதர்தான், உரக்கப் பேசுகிறவர், அவ்வளவே.

ஆனால் கண்ணா, இது எல்லாவற்றையும்விட வியாழக்கிழமை நீ போனில் சொன்னதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. டீம் பையன்கள் உன்னைப் பார்த்தாலே தலையைத் துவட்டச் சொல்லி ஓட்டுகிறார்கள் என்றாய், அதற்கு நான் ஆயிரம் தடவை மன்னிப்புக் கேட்கிறேன், அந்த அவமானம் என் கை செய்தது. கோச் கூப்பிட்டுத் தோளைப் பற்றிக் கேட்டதற்கு, "எங்கம்மா எதுக்கெடுத்தாலும் பயப்படுவாங்க சார்" என்று சொல்லிச் சமாளித்தேன் என்றாயே, அதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டியது நீ. நான் பயந்தாங்கொள்ளி என்று பெயர் வாங்கினால் போகட்டும். அந்தப் பெயருக்குப் பின்னால் நீ உன் தோளை ஒளித்து வைப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மாற்று செட்டர் ஒரு தடவை உள்ளே வந்துவிட்டால் உன் இடம் போய்விடும் என்று நீ நினைப்பது எனக்குத் தெரியாதா. நான் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தையல் கூடத்தில் வேலை பார்த்தேன், வரிசையாகப் பதினான்கு மிஷின், அதில் ஜன்னலோரம் இருந்தது என்னுடையது. வெளிச்சம், காற்று, மேஸ்திரி பார்வையிலும் படாத இடம். பள்ளி திறக்கும் நேரம், வேலை தலைக்கு மேல், ஒருநாள் ஊசி ஆள்காட்டி விரல் நகத்தோடு இறங்கிவிட்டது. சொன்னால் இரண்டு வாரம் வீட்டில் இரு என்பார்கள், வந்து பார்த்தால் ஜன்னலோரத்தில் வேறு ஒருத்தி இருப்பாள். துணியைச் சுற்றிக்கொண்டு, நல்லாத்தான் இருக்கேன் என்று சொல்லி மூன்று நாள் தைத்தேன், நான்காம் நாள் விரல் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தது. இன்றைக்கும் அந்த விரல் நுனிக்கு நூல் தட்டுப்படாது, ஊசி கோர்க்க நான் நடுவிரலை நீட்டுவதைப் பார்த்து நீ சின்ன வயசில் சிரிப்பாயே, காரணம் அதுதான், உன்னிடம் சொன்னதில்லை. அந்த ஜன்னலோர மிஷின் இப்போது யாரிடம் இருக்கிறதோ தெரியாது. விரல் என்னிடம்தான் இருக்கிறது.

இனி பார்சலைப் பற்றி. இரண்டு சட்டைகள் வைத்திருக்கிறேன், ஆட்டத்துக்கு முன்னால் நீங்கள் மேலே போட்டுக்கொண்டு வருவீர்களே, அந்த மாதிரி, இரண்டும் நீலம், அத்தைக்குக் குழப்பம் வரக்கூடாது என்று. ஒன்று தலைவழியாகப் போடுவது. இன்னொன்று முன்பக்கம் முழுக்கத் திறக்கிறது, பிரஸ் பட்டன், கையை மேலே தூக்காமலே மாட்டிக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமைக்குள் உன் கையில் சேர்ந்துவிடும் என்று கூரியர்க்காரர் சொன்னார். சனிக்கிழமை ஆட்டத்துக்கு எதை வேண்டுமானாலும் போட்டுக்கொண்டு வா, நான் ஒரு வார்த்தை கேட்கமாட்டேன், திரையில் பார்த்துக்கொள்கிறேன். தலைவழிச் சட்டையில் வந்தால் உன் தோள் நன்றாக இருக்கிறது, நான்தான் பயந்தாங்கொள்ளி என்று ஒப்புக்கொண்டு, உன் கோச்சுக்கு என் கையாலேயே அப்படி எழுதிக் கொடுக்கிறேன். முன்பக்கம் திறக்கிற சட்டையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தால், கோச்சிடம் சொல்லிவிட்டாய் என்று தெரிந்துகொள்வேன், அன்று மாற்று செட்டர் போடுகிற ஒவ்வொரு பந்துக்கும் நாங்கள் மூவரும் கைதட்டுவோம், அத்தையை அதற்குப் பழக்கிவிட்டேன். உன் அப்பாவிடம் ஏதாவது எழுத வேண்டுமா என்று கேட்டேன். சிவப்புப் பேனாவைத் திறந்தார், மூடினார், பிறகு "லேட்டானாலும் பரவாயில்லைன்னு எழுதும்மா" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து நான் கேட்டதில்லை, நான் பிரசவத்துக்குப் போனபோதுகூட ஆட்டோ இரண்டு நிமிஷம் லேட் என்றுதான் சொன்னார்.

வேளைக்குச் சாப்பிடு, ஈரக் காலுறையோடு பஸ்ஸில் ஏறாதே, அந்த நெட்டையனையும் விசாரித்ததாகச் சொல், குழுவில் நடந்ததற்கு அவன் பாவம், எந்த விதத்திலும் காரணமில்லை. நீ எங்கே நின்றாலும், கோர்ட்டில் நின்றாலும் பெஞ்சில் உட்கார்ந்தாலும், நோய்நொடியில்லாமல், நிமிர்ந்த தோளோடு நீ நூறு வருஷம் இருக்க வேண்டும், அது ஒன்றுதான் எனக்கு.

ஒன்றை மட்டும் மறக்காதே. தலைவழிச் சட்டைக்குக் கழுத்தை வேண்டுமென்றே ஒரு இஞ்ச் குறைத்து வெட்டியிருக்கிறேன். இரண்டு கையும் முழுசாக மேலே போகாதவனால் அதைத் தனியாகப் போட முடியாது. யாரையாவது விட்டு மாட்டிக்கொள்ளாதே, கத்தரிக்கோலால் அகலமாக்கவும் பார்க்காதே, வெட்டினால் தையலைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிடும்.

என்றும் உன் நினைவாக,
எதற்கெடுத்தாலும் பயப்படும்
உன் அம்மா